கேம்ல இருந்து அனிமேஷன் சீரிஸ்: எந்தக் கதைய எடுக்கறது?

போன மாசம் சேலத்துல இருந்து ரெண்டு தம்பிங்களும் ஒரு தங்கச்சியும் என்னப் பாக்க வந்திருந்தாங்க. மூணு பேரும் சேர்ந்து ரெண்டரை வருஷமா ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒரு சின்ன கேம் பண்ணாங்க, அது வெளிய வந்து ஆடுனவங்க நடுவுல நல்ல பேரும் வாங்கிடுச்சு, இப்ப ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டு இத அனிமேஷன் சீரிஸா பண்ணலாம், கதை என்னன்னு 10 பக்கத்துல எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்காரு. நான் 12 வருஷமா சென்னையில ஸ்டோரிபோர்டு போடற, அதாவது காட்சிய கட்டம் கட்டமா வரையற வேலைல இருக்கேன், அதான் என்கிட்ட வந்தாங்க. "அக்கா, கேம்ல இருக்கற கதையவே எடுக்கறதா, முன்கதை எழுதறதா, இல்ல புது ஆளு வெச்சுப் புதுசா பண்றதா?" அப்படின்னு பெரியவன் கேட்டான். அன்னிக்கு ராத்திரி 11 மணி வரைக்கும் பேசுனோம், அப்பறம் ஒரு வாரம் நானும் தனியா யோசிச்சேன். இதே கேள்வியோட இன்னும் எத்தன பேர் இருப்பாங்கன்னு தோணுச்சு, அதான் எழுதறேன்.

மொதல்ல அவங்க கேம் என்னன்னு சொல்லணும். ஒரு அணை கட்டி முடியப் போகுது, தண்ணி ஏறப் போகுது, பள்ளத்துல இருக்கற ஊரெல்லாம் முழுகப் போகுது. நீங்க ஒரு தபால்காரம்மா. சைக்கிள், ஒரு பை, பைக்குள்ள 31 கடிதம். எந்த ஊருக்கு மொதல்ல போறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், எப்படிப் போனாலும் 31-ஐயும் குடுத்து முடிக்க முடியாது, நேரம் அப்படித்தான் வெச்சிருக்காங்க. ஊரும் காலமும் கற்பனைதான், ஆனா எங்க இருந்து வந்துச்சுன்னா மேட்டூர்ல இருந்து. 1934-ல அந்த அணை கட்டி முடிச்சப்ப முழுகுன ஊருங்களோட அடையாளம் இன்னும் இருக்கு, நீர்மட்டம் எறங்குனா பண்ணவாடி பக்கம் அந்தப் பழைய நந்தி சிலையும் சர்ச்சு கோபுரமும் வெளிய தெரியும். இந்தப் பசங்க சின்ன வயசுல அதப் பாக்கப் போனவங்க. கேம ஆடி முடிக்கறப்ப எனக்குப் பைல 9 கடிதம் மிச்சம் இருந்துச்சு, அந்த 9 பேரோட பேரும் திரைல ஒவ்வொண்ணா வந்துச்சு, நான் கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்ல.

இப்ப இதத்தான் சீரிஸா மாத்தணும்.

எனக்கு இதுல ஒரு பழைய அடி இருக்கு. பல வருஷம் முன்னாடி ஒரு மொபைல் கேம கார்ட்டூனா மாத்தற வேலைல இருந்தேன், பேரு வேணாம். கேம்ல என்னென்ன லெவல் இருக்கோ அதையே எபிசோடா ஆக்கிட்டோம், காடு லெவலுக்கு ஒரு எபிசோடு, எரிமலை லெவலுக்கு ஒண்ணு, கடைசில பெரிய வில்லன் சண்டை. எல்லாரும் உழைச்சுதான் பண்ணோம், படமும் நல்லாதான் இருந்துச்சு. குழந்தைங்கள உக்கார வெச்சுப் போட்டுக் காமிச்சப்ப பத்தாவது நிமிஷத்துல ஒரு பையன் திரும்பி "எப்ப நாங்க ஆடறது?"ன்னு கேட்டான். அவனுக்கு அந்தக் கேம்ல பிடிச்சது குதிக்கறது, அது அவன் கட்டைவிரல்ல இருந்துச்சு, நாங்க அவன் கைல இருந்து அத வாங்கிட்டு பதிலுக்கு ஒண்ணுமே குடுக்கல.

அதுல இருந்து நான் எந்தக் கேமப் பாத்தாலும் மொதல்ல கேக்கறது ஒரே கேள்விதான். ஆடறவங்க கை என்ன வேலை பண்ணிட்டிருந்துச்சு? அந்தக் கை சும்மா இருக்கப் போகுது, அதுக்குப் பதிலா கண்ணுக்கும் மனசுக்கும் என்ன குடுக்கப் போறோம்? எந்தக் கதைய எடுக்கறதுங்கற முடிவு இதுல இருந்துதான் வரணும்னு நான் உறுதியா நம்பறேன்.

போக்கிமான் எடுத்துக்கோங்க. கேம் 1996-ல ஜப்பான்ல வந்துச்சு, ஆரம்பத்துலயே பேராசிரியர் 3 போக்கிமான முன்னாடி வெச்சு ஒண்ணு எடுத்துக்கோன்னு சொல்வாரு, புல்பசார், சார்மண்டர், ஸ்க்விர்டில். அத ஆடுன எந்தக் குழந்தைக்கும் தான் எடுத்ததுதான் சரி. சீரிஸ் 1997 ஏப்ரல்ல ஆரம்பிச்சப்ப ஹீரோ கைல இந்த மூணுல எதக் குடுத்திருந்தாலும் மத்த ரெண்டக் கும்பிட்ட புள்ளைங்களுக்கு மனசு கசந்திருக்கும். அவங்க என்ன பண்ணாங்கன்னா, மொத நாளே ஆஷ் தூங்கிட்டு லேட்டா எந்திரிச்சு ஓடுறான், போய்ச் சேர்றதுக்குள்ள மூணும் போயிடுச்சு, மிச்சம் இருக்கறது சொன்ன பேச்சு கேக்காத ஒரு பிக்காச்சு. எவ்ளோ அழகா யோசிச்சிருக்காங்க பாருங்க, யாரோட தேர்வையும் தப்புன்னு சொல்லாம ஒரு புது உறவ ஆரம்பிச்சுட்டாங்க. அந்த உறவு அவ்ளோ பெருசாகி 1998-ல பிக்காச்சு பின்னாடியே நடந்து வர்ற மாதிரி எல்லோ வெர்ஷன்னு ஒரு கேமே திரும்ப வந்துச்சு.

சரி, இப்ப வழிங்கள ஒவ்வொண்ணா பாக்கலாம். மொதல் வழி, இருக்கற கதைய இருக்கற மாதிரியே எடுக்கறது. தயாரிப்பாளருங்களுக்கு இதான் பிடிக்கும், கதை ரெடியா இருக்கு, ரசிகருங்களும் ரெடியா இருக்காங்க. இது நல்லா வேலை செய்யற இடம்னா படிக்கற மாதிரி ஆடற கேமுங்கதான். ஸ்டெயின்ஸ் கேட் 2009-ல வந்த விஷுவல் நாவல், அதுல ஆடறவங்க பண்றது பெரும்பாலும் வாசிக்கறதும் போன எடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்றதும், அத வெச்சுதான் எந்த முடிவுக்குப் போறீங்கங்கறது மாறும். 2011-ல ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டுடியோ அத 24 எபிசோடா பண்ணப்ப ஒரு நல்ல விஷயம் கை குடுத்துச்சு, கதையே காலத்துல பின்னாடி செய்தி அனுப்பறதப் பத்தி, அதுனால கேம்ல தனித்தனி முடிவா இருந்த கதைங்கள ஹீரோ ஒவ்வொண்ணா கடந்து வர்ற கட்டமா ஒரே கோட்டுல கோத்துட்டாங்க. ஒருத்தருக்கு நல்லது நடக்கணும்னா இன்னொருத்தர் ஆசைய அழிக்கணும், அத அவன் கையாலயே பண்றான். நம்ம கை பண்ண வேண்டிய தேர்வோட வலி அவன் முகத்துல வந்து உக்காந்துக்குச்சு. எல்லாக் கேமுக்கும் இந்த வாய்ப்பு அமையாது.

பெர்சோனா 4-னு ஒரு கேம், 2008-ல பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது, ஒரு கிராமப்புற ஊருக்கு வந்து சேர்ற ஸ்கூல் பையன், ஒரு வருஷ காலண்டர் நாள் நாளா ஓடும், இன்னிக்குச் சாயங்காலம் யாரோட போய்ப் பேசறதுன்னு நம்மதான் முடிவு பண்ணணும், ஆடி முடிக்க 60 மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்தப் பையனுக்குப் பேரு கூட நம்மதான் வைக்கணும். 2011 சீரிஸ்ல அவனுக்கு யூ நருகாமின்னு பேரு வெச்சு, அதிகம் பேசாத, ஆனா முகத்த அசைக்காம எதிர்பாக்காதத சொல்லிட்டுப் போற ஒரு குணத்தக் குடுத்தாங்க. எபிசோடு நடுவுல அவனோட தைரியம் இவ்ளோ, அறிவு இவ்ளோன்னு கேம்ல வர்ற அளவுங்களக் காமிப்பாங்க, எபிசோடு போகப் போக அது ஏறும். கேம ஆடுனவங்களுக்கு அதப் பாத்தா வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கும். அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு அடுத்து வந்த கேமுங்கள்லயும் அதையே வெச்சுட்டாங்க. ஆனா 60 மணி நேரத்த 25 எபிசோடுல அடைக்கறப்ப நடுவுல சில உறவுங்க வேகமா ஓடிருச்சு, கேம்ல வாரக்கணக்கா போய்ப் போய்ப் பழகுனவங்க இங்க ஒரே எபிசோடுல நெருங்கிடறாங்க. மெதுவா பழகறதுதான் அந்தக் கேமோட உயிருன்னு நினைக்கறவங்களுக்கு அது இடிக்கும், எனக்கு இடிச்சுது.

நியர் ஆட்டோமேட்டா இன்னும் கஷ்டம், இங்க ஒரு முக்கியமான விஷயத்தச் சொல்லப் போறேன், கேம ஆடப் போறவங்க இந்தப் பத்திய தாண்டிடுங்க. அதுல ஏ-ல இருந்து இஸட் வரைக்கும் 26 முடிவு, கடைசியா ஒரு இடத்துல முன்னப் பின்ன தெரியாத இன்னொரு ஆட்டக்காரருக்கு உதவணும்னா உன்னோட சேவ் ஃபைல், அதாவது இதுவரைக்கும் ஆடுனது பதிஞ்சிருக்கற ஃபைல் மொத்தத்தையும் அழிக்கச் சம்மதமான்னு கேக்கும். நீங்க ஆமான்னு சொன்னா உங்க பல மணி நேரம் கண் முன்னாடி அழியும். இத எந்தக் கேமராவால காமிக்க முடியும்? 2023-ல வந்த சீரிஸ் தன் பேருலயே 1.1ஏ-ன்னு போட்டுக்கிட்டு இது அதே கதையோட வேற பதிப்புன்னு முன்னாடியே சொல்லிடுச்சு, கேம உருவாக்குன யோகோ டாரோவே உக்காந்து சிலத மாத்தி எழுதுனாரு. எபிசோடு முடிவுல அந்தப் பாதை மாறுன முடிவுங்கள பொம்மலாட்டமா போட்டு விட்டாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனாலும் அந்த அழிக்கற நொடி கைக்கு மட்டும்தான் சொந்தம்.

தபால்காரம்மாவ இந்த வழில எடுத்தா என்ன ஆகும்? எந்த ஊருக்கு மொதல்ல போறதுங்கறத நம்ம எழுதிடுவோம். கேம்ல அந்த 9 பேரும் என் மேல பாரமா இருந்தாங்க, சீரிஸ்ல அவ மேல பாரம் ஆகிடுவாங்க, பாக்கறவங்க "ஏம்மா அந்தக் கிழவிய விட்டுட்டுப் போன"ன்னு அவளக் குத்தம் சொல்வாங்க. அதுவும் ஒரு கதைதான், ஆனா வேற கதை. அதோட ஒவ்வொரு ஆட்டக்காரரும் வேற வேற 9 பேர விட்டிருப்பாங்க, நம்ம ஒண்ண நிஜம்னு எழுதுனா மத்ததெல்லாம் பொய்யாயிடும்.

ரெண்டாவது வழி, அதே ஊரு, புது ஆளு. இதுக்கு சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸ்ங்கற சீரிஸ விட நல்ல பாடம் இல்ல. போலந்துல இருக்கற சிடி ப்ராஜெக்ட் ரெட் 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077-ஐ வெளியிட்டப்ப பழைய கன்சோலுங்கள்ல ஆடவே முடியாத அளவுக்குக் கோளாறு, சோனி தன் கடைல இருந்தே அதத் தூக்கிடுச்சு, 2021 ஜூன்லதான் திரும்ப வெச்சாங்க. அந்த நிலைமைல இருந்த ஒரு கேமுக்கு 2022 செப்டம்பர்ல டோக்கியோவோட ட்ரிகர் ஸ்டுடியோ, இமாய்ஷி இயக்கத்துல, 10 எபிசோடு சீரிஸ் வந்துச்சு. கேமோட நாயகன் பேரு வி, ஆணா பெண்ணா, முகம் எப்படி, எங்க இருந்து வந்தவர்னு எல்லாமே ஆடறவங்க முடிவு. அந்த வி-ய சீரிஸ்ல அவங்க தொடவே இல்ல. கேம் நடக்கற அதே நைட் சிட்டிங்கற ஊரு, அதே தெருவு, போன் அடிக்கற சத்தம் கூட கேம்ல இருக்கற அதே சத்தம், ஆனா கதை டேவிட்னு ஒரு ஸ்கூல் பையனோடது, அம்மாவ இழந்துட்டு முதுகெலும்புல ராணுவ இயந்திரத்தப் பொருத்திக்கிட்டவன்.

எனக்கு இதுல ரொம்ப ஆழமாப் பட்ட ஒண்ணச் சொல்றேன். கேம்ல உடம்புல அளவுக்கு மேல இயந்திரத்தப் பொருத்திக்கிட்டு புத்தி தடுமாறுனவங்கள சைபர்சைக்கோன்னு சொல்வாங்க, அந்த மாதிரி 17 பேர அடக்கற வேலை வரும், நம்ம போவோம், சண்டை போடுவோம், காசு வாங்குவோம், அடுத்த வேலை. அதே கேம்ல கடைக்குப் போய் நம்ம உடம்புலயும் ஒண்ணு மேல ஒண்ணா பொருத்திக்குவோம், நமக்கு ஒண்ணும் ஆகாது. சீரிஸ் என்ன பண்ணுச்சுன்னா அந்த 17 பேர்ல ஒருத்தனா ஆகறதுக்கு ஒரு நல்ல பையன் எப்படி எப்படி நடந்து போறான்னு உள்ள இருந்து காமிச்சுடுச்சு. நம்ம கை யோசிக்காம பண்ண ஒரு விஷயத்த எடுத்து, அதுக்கு என்ன விலைன்னு கண்ணுக்குக் காமிச்சாங்க. அதப் பாத்துட்டுத் திரும்ப கேமுக்குள்ள போனா அதே சண்டை வேற மாதிரி இருக்கும். நெறைய பேர் போனாங்களும் கூட, சீரிஸ் வந்த அதே மாசத்துல ஒரு நாளைக்கு 10 லட்சம் பேர் ஆடறாங்கன்னு கம்பெனி அறிவிச்சுது, டேவிட் போட்டிருந்த ஜாக்கெட்ட கேமுக்குள்ளயே தேடி எடுக்கற மாதிரி ஒரு அப்டேட்டும் விட்டாங்க.

இந்த வழிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த ஊரு அவ்ளோ பெருசா, அவ்ளோ விவரமா முன்னாடியே இருக்கணும். நைட் சிட்டி 1988-ல மைக் பாண்ட்ஸ்மித் பண்ண, மேசைய சுத்தி உக்காந்து ஆடற டேபிள்டாப் விளையாட்டுல இருந்தே வளந்து வர்ற உலகம், எந்தத் தெருவுல எந்த கேங்குன்னு எல்லாம் இருக்கு. நம்ம பசங்க கேம்ல 7 ஊரு, ஒரு ஆறு, ஒரு சந்தை. புது ஆள உள்ள விட்டா ரெண்டு எபிசோடுல சுத்தி முடிச்சுடுவான். தங்கச்சி ஒரு யோசனை சொல்லுச்சு, "தண்ணி எறங்குன வருஷத்துல ஒரு பொண்ணு சேத்துல அந்தப் பைய கண்டெடுக்கற மாதிரி வெச்சா?" கேட்டப்ப எனக்கும் சிலிர்த்துச்சு. ஆனா பைக்குள்ள யாரோட கடிதம் இருக்கும்? என்னோட 9-ஆ, உங்களோட 12-ஆ? திரும்ப அதே சுவத்துலதான் முட்டறோம்.

மூணாவது வழி முன்கதை எழுதறது, அதுதான் ஆர்கேன்ங்கற சீரிஸ் போன வழி, இதப் பத்தி நான் நாள் பூரா பேசுவேன்.

அதுக்கு அடிப்படையான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேம் 2009-ல வந்தது, இந்தப் பக்கம் 5 பேர் அந்தப் பக்கம் 5 பேர், அர மணி நேரம் அடிச்சுக்குவாங்க, முடிஞ்சா அடுத்த ஆட்டம். 150-க்கு மேல கதாபாத்திரம் இருக்காங்க, ஆனா ஆட்டத்துக்குள்ள கதைன்னு ஒண்ணும் நடக்காது, யார் யாரு எங்க இருந்து வந்தாங்கங்கறது தனியா சின்னச் சின்னக் குறிப்பா இருக்கும், அதோட அவங்க ஆடறப்ப பேசற ரெண்டு வரி, சிரிக்கற சிரிப்பு. ஜின்க்ஸ்னு ஒருத்தி 2013-ல வந்தா, நீல ஜடை, கைல பெரிய துப்பாக்கி, பைத்தியக்காரச் சிரிப்பு. அவ வர்றப்ப ஒரு மியூசிக் வீடியோ விட்டாங்க, அதப் பண்ணது பாரிஸ்ல இருக்கற ஃபோர்டீஷ்ங்கற சின்ன ஸ்டுடியோ. அந்த உறவுதான் வளந்து 2021 நவம்பர்ல ஆர்கேனா வந்துச்சு. எழுதி உருவாக்குன கிறிஸ்டியன் லிங்க்கும் அலெக்ஸ் யீயும் அந்தக் கேமப் பண்ண ரயட் கம்பெனிக்குள்ளயே வேலை பாத்தவங்க.

அவங்க எடுத்தது அந்தச் சிரிப்போட முன்கதைய. ஜின்க்ஸ் ஜின்க்ஸ் ஆகறதுக்கு முன்னாடி பவுடர்னு ஒரு சின்னப் பொண்ணு, அக்கா வை-யோட கையப் பிடிச்சுட்டு நடக்கறவ, உதவி பண்ணணும்னு ஆசைப்பட்டு ஒரு குண்டு செய்யறா, அது வெடிச்சுக் குடும்பமே போயிடுது. லட்சக்கணக்கான பேர் வருஷக்கணக்கா அவளோட துப்பாக்கிய கைல வெச்சு ஆடிருக்காங்க, அந்தச் சிரிப்பு அவங்களுக்கு வெறும் ஒரு சத்தம், மூணாவது எபிசோடு முடிஞ்சதுக்கு அப்பறம் அந்தச் சிரிப்ப கேக்க முடியாது. கை பண்ணதுல எதையும் மாத்தல, எந்த ஆட்டமும் பொய்யாகல, எல்லா ஆட்டத்துக்கும் முன்னாடி நடந்தது இது. இதுதான் இந்த வழியோட பெரிய பலம். ஆடாதவங்களுக்கும் இது ரெண்டு அக்கா தங்கச்சி கதை, மேல பணக்கார ஊரு பில்ட்டோவர், கீழ புகை மண்டற ஸான், யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்ல. எங்க அம்மா கேமுன்னா என்னன்னே தெரியாதவங்க, மூணு எபிசோடயும் ஒரே ராத்திரில பாத்துட்டு "அந்தச் சின்னப் புள்ளய ஏன் அவ விட்டுட்டுப் போனா"ன்னு மறுநாள் காலைல வரைக்கும் கேட்டாங்க. 2022-ல எம்மி விருதுல சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சியும் இதுதான்.

பணத்தப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இந்தப் பசங்க அதப் பாத்து மயங்கிடக் கூடாது. ரெண்டு சீசன், 18 எபிசோடு, விளம்பரமும் சேத்து 250 மில்லியன் டாலர்னு வெரைட்டி பத்திரிகை எழுதுச்சு. 3டி உருவத்து மேல கையால வரைஞ்ச தோல், பின்னாடி ஓவியம், புகையும் நெருப்பும் 2டி-ல, ஒவ்வொரு ஃபிரேமும் யாரோ ஒருத்தர் தொட்டுருப்பாங்க, மொத சீசனுக்கே வருஷக்கணக்கா ஆச்சு. நம்மளால அந்தப் படத்த எடுக்க முடியாது. ஆனா அந்த முடிவ, எந்தக் கதைய எடுக்கறதுங்கற அந்த முடிவ எடுக்கறதுக்கு ஒரு பைசா ஆகாது. இன்னொரு விலையும் இருக்கு, ஏற்கனவே எழுதி வெச்ச பழைய குறிப்புங்களோட சீரிஸ் ஒத்துப் போகாத இடத்துல சீரிஸத்தான் நிஜம்னு வெச்சாங்க, விக்டர்ங்கற கதாபாத்திரத்தோட உருவத்தையே கேம்ல மாத்துனாங்க, பழைய விக்டர வருஷக்கணக்கா ஆடுனவங்க சிலருக்கு அதுல வருத்தம், அந்த வருத்தம் எனக்குப் புரியுது.

கம்மி எபிசோடுல ஆரம்பிக்கறது எப்படின்னு கத்துக்கணும்னா காசில்வேனியா. அந்த சீரிஸுக்கு அடிப்படை, அதே பேர்ல வந்த கேமோட மூணாவது பாகம், 1989-ல நின்டெண்டோவோட பழைய கன்சோலுக்கு வந்தது, டிராகுலா கோட்டைக்குச் சாட்டையோட ஏறிப் போகணும், குதிக்கணும், அடிக்கணும், கதைன்னு பாத்தா சில வரிதான். இந்த மாதிரி கேம்ல கைக்குத்தான் மொத்த வேலையும், அதனால எடுத்துட்டா ஒண்ணும் மிஞ்சாதுன்னு தோணும். எழுத்தாளர் வாரன் எல்லிஸ் 2007-ல ஒரு படத்துக்காக எழுதுன திரைக்கதை பல வருஷம் தூங்கி, கடைசில 2017-ல டெக்சாஸ்ல இருக்கற பவர்ஹவுஸ் அனிமேஷன் மூலமா வெறும் 4 எபிசோடா வந்துச்சு. மொத எபிசோடுல ஹீரோ ட்ரெவர் வர்றதே கடைசிலதான், அதுவரைக்கும் ஓடறது டிராகுலாவோட துக்கம், வைத்தியம் பாத்த அவன் மனைவிய சூனியக்காரின்னு எரிச்சுடறாங்க, ஊருக்கு ஒரு வருஷம் கெடு வைக்கறான். கேம்ல நம்ம கை அடிச்சுக் கொன்ன அந்தக் கடைசி வில்லனுக்கு ஒரு மனசு குடுத்துட்டாங்க. கேம்ல ஆடக்கூடிய 4 பேர்ல கிராண்ட்ங்கறவர விட்டுட்டு 3 பேரோட நிறுத்திக்கிட்டாங்க, அந்த வெட்டு சரியான வெட்டு. ரெண்டாவது சீசன்ல கோட்டைக்குள்ள பெரிய சண்டை ஆரம்பிக்கறப்ப 1987 கேமோட பழைய இசை ஒண்ணு எழும்பும் பாருங்க, ஆடுனவங்க விரல் தானா துடிக்கும். 4 எபிசோடு ஓடுனதால அடுத்து 8, அப்பறம் 10, 10-ன்னு மொத்தம் 32 எபிசோடு வந்துச்சு. சின்னதா ஆரம்பிச்சு வளத்தாங்க.

நாலாவது வழி, தனித்தனி சின்னக் கதைங்களா போறது. 2024 டிசம்பர்ல சீக்ரெட் லெவல்னு 15 குட்டிப் படங்க வந்துச்சு, ஒவ்வொண்ணும் வேற கேம், படம் ஒவ்வொண்ணும் கண்ணுக்கு விருந்து, ஆனா பாதி எனக்கு ட்ரெய்லர் பாத்த மாதிரி முடிஞ்சுது, யாரோடயும் பழக நேரம் இல்ல. பெரியவன் இந்த வழியத்தான் மொதல்ல கேட்டான், 31 கடிதம்னா 31 கதைன்னு. கேக்க நல்லா இருக்கு, ஆனா யாரு அதுல திரும்பத் திரும்ப வர்ற முகம்? அதுக்கு பதில் இல்லாம அந்த வழில போக வேண்டாம்.

நடுவுல வெண்பா கேமப் பத்திச் சொல்லணும், நம்ம கேம், டொரண்டோல ஒரு சின்ன டீம் 2023-ல விட்டது, கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அந்த வீட்டு அம்மா வெண்பாவுக்கு அவங்க அம்மா குடுத்த பழைய சமையல் நோட்டு கிழிஞ்சும் அழிஞ்சும் போயிருக்கும், விட்டுப்போன வரிய நம்மதான் யோசிச்சுக் கண்டுபிடிக்கணும், இட்லித் தட்ட எப்படி அடுக்கறதுங்கறதே ஒரு புதிர். 2024-ல பிரிட்டன்ல குடுக்கற பாஃப்டால அறிமுக கேமுக்கான விருது வாங்குச்சு. நம்ம வீட்டுல தட்ட மாத்தி அடுக்கிட்டு அம்மா கிட்ட திட்டு வாங்குனது என் கைக்கு ஞாபகம் வந்துச்சு, அதான் அந்தக் கேமோட உயிரு. அத யாராவது சீரிஸா எடுத்தா அந்த ஒரு நொடிய எப்படிக் காப்பாத்துவாங்கன்னு நான் அடிக்கடி யோசிப்பேன். வெண்பாவோட அம்மா ஊர்ல அந்த நோட்டுல மொத வரிய எழுதுன நாளு, எனக்கு அந்தக் கதைதான் பாக்கணும் போல இருக்கு.

இத யோசிச்சுட்டிருக்கறப்பதான் தபால்காரம்மா கதைக்கும் வழி தெரிஞ்சுது. உடனே போன் பண்ணேன்.

கடிதத்த குடுக்கறது கேமோட வேலை, அது ஆடறவங்க கைக்குச் சொந்தம், அதத் தொட வேண்டாம். கடிதத்த எழுதுனது யாரு? அதுக்குக் கேம்ல பதிலே இல்ல, உறை மேல ஒரு பேரும் ஊரும் மட்டும்தான் இருக்கு, ஆர்கேனுக்கு அந்தச் சிரிப்பு இருந்த மாதிரி. 4 எபிசோடு, ஒவ்வொண்ணும் 22 நிமிஷம், 4 கடிதம். கடிதம் எழுதறவங்க எல்லாம் பள்ளத்த விட்டு முன்னாடியே போயிட்டவங்க, மில்லு வேலைக்குப் போன அண்ணன், கட்டிக் குடுத்து அனுப்புன பொண்ணு, சண்டை போட்டுட்டுப் போன மகன். ஊரு முழுகப் போகுதுங்கற சேதி காதுல விழுது, என்ன எழுதறதுன்னு தெரியாம உக்காந்திருக்காங்க. ஒவ்வொரு எபிசோடும் அந்தக் கடிதம் தபால் பெட்டிக்குள்ள விழறதோட முடியணும். அது போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு நம்ம சொல்லவே கூடாது. என்னோட ஆட்டத்துல அது போய்ச் சேரல, உங்களோடதுல சேர்ந்திருக்கலாம், ரெண்டும் நிஜமாவே இருக்கட்டும். ஆடாதவங்க அந்தப் பதில் வேணும்னா போய் ஆடுவாங்க, ஆடுனவங்க "ஐயோ, நான் இத விட்டுட்டேனே"ன்னு திரும்பப் போவாங்க.

திரும்பத் திரும்ப வர்ற முகம் யாருன்னு தங்கச்சி கேட்டுச்சு, சரியான கேள்வி. கடிதம் எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுக்கறவர் ஒருத்தர், டவுன்ல தபாலாபீஸ் வாசல்ல உக்காந்திருக்கற பெரியவர், மொத 3 பேரும் அவர்கிட்டதான் வர்றாங்க. அவரோட ஊரும் அந்தப் பள்ளத்துலதான், அவரு மட்டும் யாருக்கும் எழுதல. நாலாவது கடிதம் அவரோடது.

சின்னவனுக்கு இன்னும் மனசு வரல. "தபால்காரம்மாவே இல்லாம எப்படிக்கா, எல்லாருக்கும் பிடிச்சது அவங்கதான?" அப்படின்னான். அவன் சொல்றதும் நியாயம், ரெண்டரை வருஷம் அவ சைக்கிள் ஓட்டற ஒவ்வொரு அசைவையும் வரைஞ்சவன் அவன். சைக்கிள் மணி சத்தம் மட்டும் ஒவ்வொரு எபிசோடு கடைசிலயும் தூரத்துல கேக்கட்டும், பெட்டியத் திறக்கற கையக் காமிக்கலாம், முகம் வேணாம்னு சொல்லிருக்கேன். முகம் ஆடறவங்களுக்குள்ள இருக்கு. அவன் யோசிச்சுட்டுச் சொல்றேன்னான்.

நேத்து ராத்திரி மொத எபிசோடுக்கு முதல் 14 பேனல் போட்டு அனுப்பிருக்கேன், மில்லு சங்கு ஊதறதுல ஆரம்பிக்குது. அந்தப் படங்களுக்கு சத்தம் சேத்து ஓட்டிப் பாக்கற அனிமேட்டிக் பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை நானே சேலத்துக்குப் போறேன்.